முழுத்தானிய சாலட்: குழையாமலும் பசி தாங்கும்படியும் செய்வது எப்படி?

அந்திமழை

வணக்கம். வாரத்தில் சில நாள்களாவது மதிய உணவாக முழுத்தானிய சாலட் எடுத்துச் செல்ல எண்ணி, பழுப்பு அரிசி, முழுக் கோதுமை, பார்லி ஆகியவற்றை வாங்கி வைத்திருக்கிறேன். செய்முறைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் நான் படித்தவற்றுள் பெரும்பாலானவை பொருள்களின் பட்டியலோடு நின்றுவிடுகின்றன; எதை எதற்காகச் சேர்க்கிறோம், எந்த வரிசையில் சேர்க்கிறோம் என்பதைப் பற்றி அவை வாய் திறப்பதில்லை.

சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் மறுபடியும் பசி எடுத்துவிடுகிறது. தானியத்தின் அளவைக் கூட்டினால் வயிறு கனக்கிறதே ஒழிய, மாலை வரை தாங்குவதில்லை. தானியம் சில நேரம் கஞ்சிப் பதத்துக்குக் குழைந்துவிடுகிறது, சில நேரம் நடுவில் கடுக்கென்று நிற்கிறது. எலுமிச்சைச் சாறும் எண்ணெயும் தாராளமாகவே சேர்க்கிறேன். கலந்த கையோடு நன்றாக இருக்கும் சாலட், மதியம் டப்பாவைத் திறக்கும்போது உப்புச் சப்பில்லாமல், அடியில் நீர் கோத்துக்கொண்டு கிடக்கிறது.

தொடர்ந்து செய்து பழகியவர்கள் காரணத்தோடு விளக்கினால் உதவியாக இருக்கும். ஒரே முறை சமைத்து எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம் என்பதையும் சொல்லுங்கள்.

தவிட்டுக்குருவி

வணக்கம். பசியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். வேகவைக்கும் பதத்தைப் பற்றி என்னைவிடத் தெளிவாகச் சொல்லக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

முழுத்தானியம் என்றால் தவிடு, முளைக்கரு, உள்ளிருக்கும் மாவுப்பகுதி ஆகிய மூன்றும் நீங்காத தானியம். தவிட்டில் நார்ச்சத்தும், முளைக்கருவில் எண்ணெயும் வைட்டமின் ஈ-யும் இருக்கின்றன என்பதால் அது தீட்டிய தானியத்தைவிட மேலானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் எடையில் பெரும்பகுதி மாவுச்சத்துதான். 100 கிராம் பழுப்புச் சோற்றில் நார்ச்சத்து 2 கிராமைக்கூட எட்டுவதில்லை. அதே எடையுள்ள வெந்த கொண்டைக்கடலையில் ஏறத்தாழ 7 கிராம் நார்ச்சத்தும் 8 முதல் 9 கிராம் வரை புரதமும் இருக்கின்றன. ஆகவே பசி தாங்கவில்லை என்று நீங்கள் தானியத்தைக் கூட்டுவது, குறைவாக இருப்பதை விட்டுவிட்டு ஏற்கெனவே போதுமான அளவில் இருப்பதையே மேலும் ஏற்றுவதாகும்.

பசியை நெடுநேரம் தள்ளிப்போடுவதில் புரதத்துக்கும் நார்ச்சத்துக்கும் பெரிய பங்கு உண்டு. இரைப்பை மெதுவாகக் காலியாவதற்குக் கொழுப்பும் துணைசெய்கிறது. ஒருவருக்கு வெந்த தானியம் ஒரு கோப்பை, வெந்த பயறு அல்லது கடலை அரைக் கோப்பை, காய்களும் கீரையும் சேர்ந்து ஒன்றரைக் கோப்பை என்பது நான் பின்பற்றும் அளவு. இதனுடன் அவித்த முட்டை ஒன்றோ, முட்டை சாப்பிடாதவர்கள் பனீரோ டோஃபுவோ சேர்த்துக்கொண்டால், மொத்தப் புரதம் 20 கிராமை நெருங்கிவிடும். தானியத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு; பயறு வகைகளில் அது நிறைய இருக்கிறது, ஆனால் மெத்தியோனின் குறைவு. இரண்டும் ஒரே கிண்ணத்தில் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பிவிடும் என்பதால், கடலையை அலங்காரத்துக்குத் தூவும் பொருளாக நினைக்க வேண்டாம்.

எண்ணெயிலும் பருப்புக் கொட்டைகளிலும் மட்டும் கைக்கு ஒரு கணக்கு வேண்டும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி இருக்கிறது. ‘ஒரு கைப்பிடி வால்நட்’ என்று எழுதிவிடுகிறார்கள். பசியோடு அள்ளுகிறவரின் கைப்பிடி எவ்வளவு பெரிது என்பதை எழுதியவர் பார்த்ததில்லை. இரண்டு மேசைக்கரண்டி என்று அளந்து போட்டுவிடுவது நல்லது.

வெண்கலப்பானை

தானியம் குழைவதற்கும், சாலட் சப்பென்று ஆவதற்கும், அடியில் நீர் கோப்பதற்கும் காரணங்கள் ஒன்றோடொன்று பிணைந்தவை. அதனால் சற்று நீட்டியே எழுதுகிறேன்.

சோறு வடிக்கும்போது தானியத்துக்கு இவ்வளவு தண்ணீர் என்று அளந்து வைத்து, முழுவதும் வற்றும் வரை மூடி வைக்கும் முறையைச் சாலட்டுக்குக் கைவிடுங்கள். வற்றுகிற தண்ணீரில் கரைந்த மாவு தானியத்தின் மேலேயே படிந்து, ஆறியதும் பசையாகிவிடுகிறது. அகலமான பாத்திரத்தில் தண்ணீரை நிறையக் கொதிக்கவிட்டு, உப்புப் போட்டு, கழுவிய தானியத்தை அதில் சேர்த்து, பதம் வந்ததும் வடித்துவிட வேண்டும். உப்பு இந்தக் கட்டத்தில்தான் தானியத்தின் உள்ளே இறங்கும். பிற்பாடு எவ்வளவு தூவினாலும் அது மேற்பரப்போடு நின்றுவிடும். மதியம் சப்பென்று இருப்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

முழுக் கோதுமையை இரவில் ஊறவைத்தால் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரத்துக்குள் வெந்துவிடும். ஊறவைக்காவிட்டால் ஒன்றரை மணி நேரம்கூட ஆகலாம். பழுப்பு அரிசிக்கு 30 முதல் 40 நிமிடம் பிடிக்கும். கினோவா 15 நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் அதன் மேல்தோலில் சப்போனின் என்னும் கசப்புப் பொருள் இருப்பதால், நுரை அடங்கும் வரை கழுவிய பின்பே அடுப்பில் ஏற்ற வேண்டும். குக்கரில் கோதுமையை வேகவைப்பதில் தவறில்லை. விசில்களை எண்ணி நம்பிவிட்டுப் பதம் பார்க்காமல் விடுவதில்தான் தவறு வருகிறது. ஒவ்வொரு மூட்டைத் தானியமும், அதன் வயதைப் பொறுத்து, கொஞ்சம் முன்னும் பின்னுமாக வேகும்.

பதத்தைக் கடிகாரத்தைவிடப் பல் சரியாகச் சொல்லும். ஒரு கோதுமை மணியை எடுத்து முன்பற்களால் கடித்தால், மேல்தோல் சிறிது எதிர்த்துப் பிறகு விட்டுக்கொடுக்க வேண்டும். கடித்த பாதியைப் பார்த்தால், நடுவில் சுண்ணாம்புப் புள்ளி போன்ற வெண்மை இருக்கக் கூடாது. பாத்திரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மணிகள் நுனியில் வெடித்திருந்தால் அதுவே நிறுத்த வேண்டிய நேரம். எல்லாம் வெடித்துப் பூத்துவிட்டால் அதைச் சூப்புக்கு மாற்றிவிடலாம், சாலட்டுக்கு ஆகாது.

வடித்ததும் அகலமான தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பிவிடுங்கள். ஆவி எழுந்து அடங்குவதற்குள் மேற்பரப்பின் ஈரமும் போய்விடும். உள்ளங்கையை வைத்து எடுத்தால் மணிகள் கையில் ஒட்டிக்கொண்டு வராமல் உதிர வேண்டும். பலரும் தவிர்த்துவிடும் வேலை இதுதான். வடிகட்டியிலேயே குவியலாக விட்டுவிட்டால் உள்ளிருக்கும் சூட்டில் தானியம் மேலும் வெந்து, அடியில் இருப்பவை நசுங்கிவிடும்.

தானியம் கைபொறுக்கும் சூட்டில் இருக்கும்போதே எலுமிச்சைச் சாற்றையோ வினிகரையோ பாதி அளவு தெளித்துக் கிளறுங்கள். சூடான தானியம் அதை உறிஞ்சிக்கொள்ளும். எண்ணெயைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். இலைக் கீரைக்கு மூன்று பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு புளிப்பு என்று சொல்லும் வழக்கமான விகிதம் தானியத்துக்குப் போதாது. மாவுச்சத்து புளிப்பையும் உப்பையும் மழுக்கிவிடுவதால், மூன்றுக்கு இரண்டு என்று வைத்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. மீதிப் பாதிப் புளிப்பைச் சாப்பிடப்போகும் நேரத்தில் ஊற்றுங்கள். குளிர்ந்த உணவில் சுவை மங்கித் தெரியும் என்பதால், உப்பையும் அப்போது ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும். டிரெஸ்ஸிங்கில் அரைத் தேக்கரண்டி கடுகு விழுது சேர்த்தால் எண்ணெயும் சாறும் விரைவில் பிரியாது.

அடியில் கோக்கும் நீர் வெள்ளரிக்காயிலிருந்தும் தக்காளியிலிருந்தும் வருகிறது. விதைப்பகுதியை வழித்தெடுத்துவிட்டு, நறுக்கி, உப்புப் பிசறி, 15 நிமிடம் வடிகட்டியில் வைத்தால் எவ்வளவு நீர் இறங்குகிறது என்பதைப் பார்த்து நீங்களே வியப்பீர்கள். அந்த உப்பைக் கணக்கில் எடுத்துக்கொண்டு டிரெஸ்ஸிங்கில் குறைத்துக்கொள்ளுங்கள். முட்டைக்கோஸ், கேரட், குடைமிளகாய் ஆகியவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. டப்பாவில் எடுத்துச் செல்கிறவர்களுக்கு நான் இவற்றையே பரிந்துரைப்பேன்.

அந்திமழை

இருவருக்கும் மிக்க நன்றி. பரப்பி ஆறவைப்பதற்கான காரணம் இப்போதுதான் விளங்கியது.

இன்னும் மூன்று கேள்விகள் இருக்கின்றன. நான் வாங்கிய பார்லி வெள்ளையாக, உருண்டையாக, பளபளப்பாக இருக்கிறது, அது முழுத்தானியம்தானா? வீட்டில் ஒருவருக்குக் கோதுமை போன்றவற்றில் உள்ள குளூட்டன் என்னும் புரதம் ஒத்துக்கொள்ளாது என்று மருத்துவர் கூறியிருக்கிறார்; அவருக்கு எதை வைத்துச் செய்வது? ஆறவைத்த தானியம் சர்க்கரை ஏறாமல் தடுக்கும் என்றும் ஓரிடத்தில் படித்தேன். அது உண்மையென்றால் அளவைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லையே?

கூழாங்கல்

உங்களிடம் இருப்பது தீட்டிய பார்லி. உமியோடு தவிட்டின் பெரும்பகுதியும் நீக்கப்பட்டிருப்பதால், கண்டிப்பாகப் பார்த்தால் அது முழுத்தானியம் ஆகாது. உமி மட்டும் நீக்கிய பார்லி பழுப்பாக, சற்று நீண்டு, நடுக்கோடு தெளிவாகத் தெரியும்படி இருக்கும்; வேகவும் அதிக நேரம் எடுக்கும். அதற்காக வாங்கியதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். பார்லியின் சிறப்பான நார்ச்சத்து பீட்டா குளூக்கன். கோதுமையில் நார்ச்சத்து பெரும்பாலும் தவிட்டோடு போய்விடும். பார்லியிலோ பீட்டா குளூக்கன் மாவுப்பகுதியிலும் பரவியிருப்பதால், தீட்டிய பிறகும் கணிசமாக எஞ்சுகிறது. நாளொன்றுக்கு 3 கிராம் பீட்டா குளூக்கன் இரத்தக் கொழுப்பைக் குறைக்க உதவும் என்பது அமெரிக்க, ஐரோப்பிய உணவு ஒழுங்குமுறை அமைப்புகள் ஏற்றுக்கொண்ட கருத்து. தீட்டிய பார்லி 30 நிமிட அளவில் வெந்துவிடும். வடித்த பிறகு குளிர்ந்த நீரில் ஒருமுறை அலசினால் வழவழப்புக் குறையும்.

குளூட்டன் ஆகாதவருக்கு முழுக் கோதுமை, உடைத்த கோதுமை, பார்லி, ரை ஆகிய எதுவும் கூடாது. தீட்டியதா முழுமையானதா என்பதால் இதில் மாற்றம் ஏதுமில்லை. பழுப்பு அரிசி, கினோவா, சோளம், தினை போன்ற சிறுதானியங்கள், பக்வீட் ஆகியவற்றில் இயல்பாகக் குளூட்டன் இல்லை. பக்வீட் என்பதில் கோதுமையின் ஆங்கிலப் பெயர் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டாம், இரண்டுக்கும் உறவில்லை. அதே நேரம், கோதுமை அரைக்கும் இயந்திரத்திலோ கட்டும் இடத்திலோ இவற்றிலும் குளூட்டன் கலந்துவிடக்கூடும். குளூட்டனால் சிறுகுடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய் உள்ளவராக இருந்தால் ‘குளூட்டன் இல்லாதது’ என்ற குறிப்பு உறையில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவதோடு, வடிகட்டியையும் கரண்டியையும் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆறவைப்பதைப் பற்றிப் பரவும் செய்தியில் உண்மை இருக்கிறது, ஆனால் அதை ஊதிப் பெருக்கிவிட்டார்கள். வெந்த மாவுச்சத்து குளிரும்போது அதில் ஒரு சிறு பகுதி மறுபடியும் இறுகி, எளிதில் செரிக்காத மாவுச்சத்தாக மாறுகிறது. அதனால் இரத்தச் சர்க்கரை ஏறும் வேகம் ஓரளவு குறையலாம். மாவுச்சத்தின் பெரும்பகுதி அப்படியேதான் இருக்கும். நீரிழிவு உள்ளவர்கள் ஆறிய சோறுதானே என்று இரண்டு மடங்கு சாப்பிட்டால், கிடைத்த பயனைவிட இழப்பே அதிகமாகும்.

தவிட்டுக்குருவி அவர்களின் அளவில் எனக்கு ஒரு சிறிய மாற்றுக்கருத்து உண்டு. நாள் முழுவதும் உட்கார்ந்தே வேலை செய்கிறவர்களுக்கு ஒரு கோப்பைத் தானியம் அதிகம் என்று நினைக்கிறேன். முக்கால் கோப்பையாகக் குறைத்து, கடலையை முக்கால் கோப்பையாகக் கூட்டினால் பசியும் தாங்கும், கிண்ணமும் நிறைந்தே இருக்கும். கடலையை இந்த அளவுக்குச் சாப்பிட்டுப் பழகாதவர்கள் வயிற்றுப் பொருமலைத் தவிர்க்கச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொள்வது நல்லது.

தவிட்டுக்குருவி

ஏற்றுக்கொள்கிறேன். நான் சொன்ன அளவு உடலுழைப்பு உள்ளவர்களுக்கே பொருந்தும்.

வெண்கலப்பானை

எத்தனை நாள் வைக்கலாம் என்ற கேள்விக்கு இதுவரை யாரும் விடை சொல்லவில்லை.

அரிசியிலும் பிற தானியங்களிலும் பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் இருக்கக்கூடும். அவை கொதிநீரிலும் பிழைத்துக்கொள்ளும். வெந்த தானியத்தை அறை வெப்பநிலையில் நெடுநேரம் விட்டுவைத்தால் அந்த வித்துகள் முளைத்துப் பெருகும். அவை உண்டாக்கும் ஒரு நச்சு, மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. ஆகவே வடித்த தானியத்தைப் பரப்பி விரைவாக ஆற்றி, எப்படியும் இரண்டு மணி நேரத்துக்குள் மூடியுள்ள டப்பாவில் இட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். இரவு முழுவதும் மேசை மேல் ஆறட்டும் என்று விடுவது ஆபத்து. பெட்டியின் உட்புற வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாமல் இருந்தால் மூன்று நாள், மிஞ்சிப்போனால் நான்கு நாள் வைத்துக்கொள்ளலாம்.

தானியத்தையும் கடலையையும் புளிப்புச் சேர்த்த நிலையில் ஒன்றாகவும், நறுக்கிய காயைத் தனியாகவும் வைத்துவிட்டு, கீரையையும் வறுத்த கொட்டைகளையும் அன்றன்று சேருங்கள். மதியம் வரை சாலட்டைக் குளிரிலேயே வைக்க வழியில்லாதவர்கள், பனிக்கட்டிப் பையோடு கூடிய உணவுப்பையில் கொண்டு செல்ல வேண்டும்.

பழுப்பு அரிசி குளிரில் விறைத்து மணல் போல ஆகிவிடும். கோதுமையும் பார்லியும் அந்த அளவுக்கு மாறுவதில்லை என்பதால், முன்கூட்டியே செய்து வைக்க அவையே ஏற்றவை. நான்கு நாளுக்கு மேல் வேண்டுமென்றால், புளிப்பு எதுவும் சேர்க்காத வெந்த தானியத்தை ஒரு வேளைக்கான அளவாகப் பிரித்து, பைகளில் தட்டையாகப் பரப்பி உறைய வைத்துவிடுங்கள். இரண்டு மாதம் வரை சுவை கெடாது. வேண்டிய அன்று பையிலிருந்து வடிகட்டிக்கு மாற்றி, கொதிக்கும் நீரை மேலே ஊற்றினால் மணிகள் பிரிந்துவிடும். நன்றாக உதறி, ஒரு துணியில் ஈரத்தை ஒற்றியெடுத்து, சூடு இருக்கும்போதே எலுமிச்சைச் சாற்றைத் தெளியுங்கள்.