ரோட்டாக்ஸ் 912: கார்புரேட்டரா, எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷனா?

மேல்சிறகு:
இரண்டு இருக்கை கொண்ட மேல் இறக்கை விமானம் ஒன்றைக் கிட் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். உடற்கூடு முடிந்தது, இனி இன்ஜின். ரோட்டாக்ஸ் 912 இன்ஜினின் இரண்டு வகைகளான 912 யூஎல்எஸ், 912 ஐஎஸ் இரண்டும் 100 குதிரைத்திறன்தான். முதலாவதில் பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் கார்புரேட்டர் இரண்டு, பிங் கம்பெனியுடையவை. 2012-ல் வந்த ஐஎஸ்ஸில் கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன். ஐஎஸ் பெட்ரோல் குறைவாகக் குடிக்கும், கார்புரேட்டருக்குள் பனி பிடிக்கும் ஐசிங் தொல்லையும் இருக்காது என்கிறார்கள். கார்களே கார்புரேட்டரைக் கைவிட்ட பிறகு விமானத்துக்கு ஏன் பழசு என்று வீட்டில் கேள்வி. என்ன சொல்கிறீர்கள்?

கிரீஸ்கை:
பெட்ரோல் கணக்கை அப்புறம் போடலாம், முதலில் மின்சாரத்தைப் பாருங்கள் சார். யூஎல்எஸ்ஸில் பெட்ரோல் பம்பை இன்ஜினே இயக்குகிறது, இக்னிஷனும் தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே தயாரித்துக்கொள்கிறது. பேட்டரி செத்தாலும் ப்ரொப்பெல்லர் சுற்றும். ஐஎஸ்ஸில் பம்ப், இன்ஜெக்டர், கம்ப்யூட்டர் எல்லாமே கரண்ட் கேட்பவை. அதனால்தான் உள்ளேயே இரண்டு ஜெனரேட்டர் வைத்திருக்கிறார்கள்: ஒன்று இன்ஜினுக்கு, மற்றது விமானத்துக்கு. இன்ஜினுக்கானது போனால் மற்றது அந்த வேலையை எடுத்துக்கொள்ளும். உங்கள் ரேடியோவும் திரைகளும் பேட்டரியை நம்பி ஓடும். இரண்டுமே போனால் இன்ஜினும் பேட்டரியில்தான், அதுவும் பேட்டரி தாங்கும் வரைதான். ஏற்பாடு நல்லதுதான். ஆனால் கிட் விமானத்தில் எர்த் இணைப்பையும் வயர் முனைகளையும் போடப்போவது நீங்கள். அந்தக் கை எவ்வளவு நேர்த்தியோ, அவ்வளவுதான் இன்ஜெக்‌ஷனும்.

இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: ஐஎஸ்ஸில் எரியாத பெட்ரோல் டேங்குக்குத் திரும்ப வேண்டும். வலது டேங்கிலிருந்து எடுத்து, நிரம்பிய இடது டேங்குக்குத் திருப்பினால், அது டேங்கின் காற்றுக்குழாய் வழியாக வெளியே கொட்டும். எடுத்த டேங்குக்கே திருப்பும் வால்வு வேண்டும், இல்லையென்றால் நடுவில் ஒரு சின்ன டேங்க் வேண்டும்.

கார்புரேட்டர் சாதுவான பிராணி என்றும் நினைத்துவிடாதீர்கள். இரண்டையும் ஒரே அளவில் இழுக்கும்படி அவ்வப்போது சமன்செய்யாவிட்டால் இன்ஜின் குலுங்கும், கியர்பாக்ஸ் தேயும். உள்ளே பெட்ரோல் மட்டத்தைக் கட்டுப்படுத்தும் மிதவைகள் பெட்ரோலை உறிஞ்சிக் கனத்துப்போகும். ஒரு ஜோடி 7 கிராமைத் தாண்டினால் மாற்றியாக வேண்டும். என் பெட்டியில் இதற்கென்றே ஒரு நகைக்கடைத் தராசு கிடக்கிறது.

ஈரக்காற்று:
கிரீஸ்கை ஐசிங்கைத் தொடவே இல்லையே! பனிநாட்டுப் பிரச்சினை என்று அதை ஒதுக்கிவிடுகிறார்கள். பெட்ரோல் ஆவியாகும்போது கார்புரேட்டரின் குறுகலான தொண்டைப்பகுதியில் வெப்பம் 30 டிகிரி செல்சியஸ் வரைகூடக் குறையும். வெளியே 25 டிகிரி, காற்றில் நல்ல ஈரம், த்ராட்டிலைக் குறைத்து இறங்குகிறீர்கள்: உள்ளே பனி பிடிக்க அது போதும். எனக்கு ஒரு மழைநாள் காலையில் ஓடுதளத்தைச் சுற்றிவரும் உயரத்திலேயே ஆர்பிஎம் (இன்ஜின் சுழலும் வேகம்) சரிய ஆரம்பித்தது. பனியை உருக்கக் கார்புரேட்டருக்குச் சூடான காற்றைத் திறந்ததும் இன்ஜின் இன்னும் மோசமாக இருமியது, உருகிய தண்ணீரைக் குடிக்கிறதல்லவா. அந்த நேரத்தில் பயந்து மூடிவிடக் கூடாது. அன்றிலிருந்து நான் இன்ஜெக்‌ஷன் கட்சி.

கிரீஸ்கை:
கட்சி மாறக் காரணம் நியாயமானதுதான். ஆனால் அதற்கு மருந்து கார்புரேட்டரைச் சூடாக்கும் ஒரு ஹீட்டர். யூஎல்எஸ் வாங்குகிறவர் அந்தச் செலவை மிச்சம் பிடிக்கக் கூடாது, அவ்வளவே.

மேல்சிறகு:
இரண்டு இறக்கையிலும் டேங்க், வால்வு சாதாரணமானது, பெட்ரோலைத் திருப்பி அனுப்பாது. பெரும்பாலும் ஒரு மணி நேரம் பறந்துவிட்டு அதே ஓடுதளத்துக்குத்தான் திரும்புவேன். வயரிங் எனக்குப் புதுசு.

கிரீஸ்கை:
அப்படியானால் ஹீட்டரோடு யூஎல்எஸ். நீண்ட தூரம் போகிறவருக்குத்தான் ஐஎஸ்ஸின் பெட்ரோல் மிச்சம் கைக்கு வரும். உங்கள் ஒரு மணி நேரத்தில் அதன் கூடுதல் எடையும் விலையும்தான் தெரியும். பிற்பாடு மனம் மாறலாம் என்று தோன்றினால், இறக்கைக்குத் துணி ஒட்டுவதற்கு முன்பே டேங்குக்குத் திரும்பும் குழாயைப் போட்டு முனையை அடைத்து வைத்துவிடுங்கள்.