‘சாம்பிளிங் ஃபிரேம்’: தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம். பயனர் கருத்தாய்வுக் கையேட்டின் சொற்பட்டியலில் ‘சாம்பிளிங் ஃபிரேம்’ (கருத்துக் கேட்க ஆள் பொறுக்கும் பட்டியல்) மட்டும் பாக்கி. கூறு (பொறுக்கி எடுத்த சிலர்), கூறெடுப்பு (அப்படிப் பொறுக்குவது), முழுமைத்தொகுதி (ஆய்வுக்குரிய எல்லோரும்) மூன்றும் தமிழ்நாட்டுப் புள்ளியியல் பாடநூல்களில் பழகியவை. அந்த வரிசையில் ‘கூறெடுப்புச் சட்டகம்’ சரிவருமா?

———

> கூறெடுப்புச் சட்டகம்

வேண்டாம். சட்டகம் என்றதும் கேள்வித்தாளின் அமைப்பைத்தான் நினைப்பார்கள். இதுவோ, ஆள் பொறுக்குவதற்கு நம் கையில் இருக்கும் பட்டியல். ஒரு செயலியைப் பயன்படுத்துகிற எல்லோரும் முழுமைத்தொகுதி. மின்னஞ்சல் கொடுத்துப் பதிந்தவர்கள் மட்டுமே பட்டியலில் இருப்பார்கள். பதியாமல் பயன்படுத்துகிறவர் அதில் இல்லை. ஒரே ஆள் இரண்டு முகவரியோடு இருப்பார். குலுக்கலில் அவருக்கு இரட்டை வாய்ப்பு. செத்த முகவரிகளும் கிடக்கும். குலுக்குவதற்கு முன்பே இவற்றைக் களைய வேண்டும்.

‘கூறெடுப்புக் களம்’ என்று வைக்கலாம்.

———

> கூறெடுப்புக் களம்

அடுத்த அத்தியாயமே களப்பணி. இரண்டும் மோதும். ‘கூறெடுப்பு மூலம்’?

———

> கூறெடுப்பு மூலம்

“400 பேரைக் கூறெடுப்பு மூலம் தேர்ந்தெடுத்தோம்.” இங்கே மூலம் பெயர்ச்சொல்லா, சொல்லுருபா? ‘மூலப்பட்டியல்’ என்றால் இந்தக் குழப்பம் இல்லை. (‘அடிப்பட்டியல்’ என்றும் யோசித்தேன். ஒற்று விட்டுப்போனால் அடிபட்டவர் பட்டியல் ஆகிவிடும்!)

எடுத்துக்காட்டாக 1936 அமெரிக்க அதிபர் தேர்தலைக் கொடுக்கலாம். லிட்டரரி டைஜஸ்ட் இதழ் சுமார் 1 கோடி வாக்குச்சீட்டுகளை அஞ்சலில் அனுப்பியது. தொலைபேசிப் புத்தகம், கார் பதிவேடு போன்றவையே மூலப்பட்டியல். தொலைபேசியோ காரோ இல்லாத பலர் அதில் வரவில்லை. வேட்பாளர் லாண்டன் வெல்வார் என்றது இதழ். ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐப் பிடித்தார்.

———

மூலப்பட்டியல் எனக்குச் சம்மதம். ஆனால் 1936 கதையில் பழி முழுவதையும் பட்டியல்மீது போடாதீர்கள். திரும்பி வந்த சீட்டுகள் 23 லட்சம் சொச்சம். நாலில் ஒரு பங்குகூட இல்லை. பட்டியலில் ஆளே இல்லாதது ‘விடுபாடு’, ஆள் இருந்தும் பதில் வராதது ‘பதிலின்மை’ என்று இரண்டு தனிப் பதிவுகள் வேண்டும். மருந்தும் வேறு. பதிலின்மைக்கு நினைவூட்டல் அனுப்பலாம், கேள்விகளைக் குறைக்கலாம். விடுபாட்டுக்கு வேறொரு பட்டியலைச் சேர்த்தால்தான் வழி.

எண்ணிக்கையைக் கூட்டினால் விடுபாடு தீராது என்பதையும் எழுதுங்கள். 95% நம்பிக்கை அளவில் (நூறு முறை கூறெடுத்தால் சுமார் 95 முறை சரியாக வரும் அளவில்) ±5% பிழைக்கு 385 பதில்கள் போதும். நூற்றுக்கு 20 பேர் பதில் தருவார்கள் என்று வைத்தால் 1,925 பேருக்கு அனுப்ப வேண்டும். 19,250 பேருக்கு அனுப்பினாலும் பட்டியலில் இல்லாதவர் இல்லாதவரே.

தளத்தில் குறுக்கே எழும்பும் படிவத்துக்கு மூலப்பட்டியலே கிடையாது. வந்தவர் நிரப்புகிறார், அவ்வளவுதான். அதற்கு ± என்று பிழை அளவு போடுவது தவறு.

———

சேர்த்துவிட்டேன்:

மூலப்பட்டியல் (பெ.): கூறு எடுப்பதற்குப் பயன்படும், முழுமைத்தொகுதி உறுப்பினரின் பட்டியல். ஒ.நோ. விடுபாடு, பதிலின்மை.

‘விடுபாடு’ பற்றி மறுப்பு இருந்தால் வெள்ளிக்குள் எழுதுங்கள்.