பழைய வண்டியில் முன் கண்ணாடி ஒழுகலும் அடியில் ஒளிந்திருக்கும் துருவும்

வண்டிக்குள் தரை மேட் நனைந்திருந்தால் உடனே கண்ணாடியைச் சந்தேகப்பட வேண்டாம். வைப்பருக்குக் கீழே உள்ள வடிகால் துளையைச் சருகு அடைத்தாலும் தண்ணீர் கால் வைக்கும் இடத்துக்குத்தான் வரும். ஈரம் பிசுபிசுத்து இனிப்பு வாடை அடித்தால் அது ஹீட்டரிலிருந்து கசியும் கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்.

இரண்டும் இல்லையென்றால் ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்காரட்டும். மற்றவர் ஹோஸில் தண்ணீரை மெதுவாக விட்டு, கீழ் ஓரத்தில் தொடங்கி மேலே போகட்டும். மேலிருந்து தொடங்கினால் வழியும் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துவிடும், நுழையும் இடம் தெரியாது. மேல் மூலையில் புகுந்த தண்ணீர் பில்லருக்குள் (கண்ணாடியின் பக்கவாட்டுத் தூண்) இறங்கி டேஷ்போர்டுக்கு அடியில் சொட்டுவது சகஜம். அதனால் பில்லர் மூடியை முதலிலேயே கழற்றிவிடுங்கள்.

*

தண்ணீர் இல்லாமலும் பார்க்கலாம். கதவு, ஜன்னல் எல்லாம் மூடி, வண்டியின் ப்ளோயரை வெளிக்காற்றை இழுக்கும்படி வைத்து முழு வேகத்தில் ஓட்டி, கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் ஓரமாக வெளியே சோப்புத் தண்ணீர் தடவுங்கள். ஓட்டை உள்ள இடத்தில் குமிழி கிளம்பும்.

இடம் தெரிந்ததும் அதன்மேல் சிலிகானைப் பிதுக்கும் பழக்கம்தான் பாதி வண்டிகளைக் கெடுக்கிறது. வினிகர் வாடை அடிக்கும் ரகம் உலரும்போது அசிட்டிக் அமிலத்தை விடும், அது தகட்டை அரிக்கும். உள்ளே புகுந்த தண்ணீருக்கும் வெளியேற வழி இருக்காது. பின்னாளில் பெயின்ட் அடித்தால் சிலிகான் பட்ட இடமெல்லாம் பெயின்ட் விலகிக் குழி விழும். ரப்பருக்கும் பாடிக்கும் நடுவே போட வேண்டியது இறுகாத பியூட்டைல் சீலன்ட்.

*

துருவுக்கு வருவோம். வெளியே பெயின்ட் நகக்கண் அளவு உப்பியிருந்தால், ரப்பருக்கு அடியில் அதைவிடப் பல மடங்கு போயிருக்கும், முக்கியமாகக் கீழ் மூலை இரண்டிலும். கண்ணாடியைக் கழற்றாமல் செய்யும் எந்த வேலையும் மேல்பூச்சுதான்.

பழைய ரப்பரைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். வெளி உதட்டை பிளேடால் அறுத்து எடுத்துவிட்டு, உள்ளிருந்து உள்ளங்கையால் சீராகத் தள்ளுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் லேமினேட்டட் கண்ணாடி (இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் ஒட்டியது) ஓரத்திலிருந்து விரிசல் விடும்.

கண்ணாடி உட்காரும் மடிப்பைக் கூர்முனையால் அங்குலம் அங்குலமாகக் குத்திப் பாருங்கள். அடுக்கடுக்காக உரிந்து, முனை மறுபக்கம் வந்தால் அங்கே தகடு இல்லை, பெயின்ட்தான் இருக்கிறது. கெட்டியான இடத்தில் கம்பி பிரஷ், பிறகு 80 நம்பர் உப்புத்தாள். குழிகளில் மிஞ்சும் கறுப்புக்கு பாஸ்பாரிக் அமிலத் துருநீக்கி. அமிலத்தை நன்றாகக் கழுவி, முழுக்க உலர்த்திய பிறகே எபாக்சி ப்ரைமர் இரண்டு கோட். அமிலம் மிச்சம் இருந்தால் ப்ரைமர் பிடிக்காது. தகடு சேரும் இடங்களில் சீம் சீலர், அதன்மேல் கலர்.

ஓட்டைக்குப் பட்டி பூசாதீர்கள், அது ஈரத்தை உறிஞ்சும். நல்ல தகடு வரும்வரை வெட்டி, சுமார் 0.8 மி.மீ. தகட்டை விளிம்போடு விளிம்பாக வைத்து, புள்ளி புள்ளியாக இடம் மாற்றி வெல்டிங் வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் மடிப்பு தடித்து, ரப்பரின் பள்ளத்தில் இறங்காது. அந்த மேடு அழுத்தியே புதுக் கண்ணாடி விரிசல் விடும்.

*

மாட்டும்போது: ரப்பரைக் கண்ணாடியில் ஏற்றி, பாடிப் பக்கப் பள்ளத்தில் 4-5 மி.மீ. நைலான் கயிற்றைச் சுற்றி, கீழ் நடுவில் முனைகள் ஒரு சாண் ஒன்றன்மேல் ஒன்று வரும்படி விடுங்கள். சோப்புத் தண்ணீர் தாராளமாக. உள்ளிருந்து கயிற்றை இழுக்க இழுக்க உதடு மடிப்பைத் தாண்டி உள்ளே வரும். வெளியே இருப்பவர் அதே இடத்தில் தட்டிக்கொடுக்க வேண்டும்.

*

இதெல்லாம் ரப்பர் வைத்த வண்டிக்கு. யூரிதேனால் ஒட்டிய கண்ணாடி என்றால் பழைய பசையை 1-2 மி.மீ. விட்டுச் செதுக்குங்கள், அதன்மேல் புதியது நன்றாகப் பிடிக்கும். வெறும் தகட்டில் நேரடியாகப் போடக்கூடாது, கீறல் விழுந்த இடத்துக்கு அதற்குரிய கறுப்பு ப்ரைமர் வேண்டும். புதுப் பெயின்ட் முழுக்கக் காயாமல் ஒட்டினால் பெயின்டோடு சேர்ந்து உரிந்து வரும். டியூபில் போட்டிருக்கும் நேரம் முடியும்வரை வண்டியை எடுக்காதீர்கள். ஒரு ஜன்னலை இரண்டு விரல் இறக்கியே வையுங்கள்; எல்லாம் மூடியிருக்கும்போது கதவை அறைந்து சாத்தினால் உள்ளே ஏறும் காற்றழுத்தம் காயாத பசையைப் பிளந்துவிடும்.