பாறை ஏறப் பழக ஒரே ஒரு கயிறு: எதை வாங்கலாம்?

அப்புத்தளை மன்றம்:
வணக்கம். எங்கள் தோட்டத்து இளைஞர் மன்றத்தில் பாறை ஏறப் பழகும் ஆர்வம் வந்திருக்கிறது. கடைசி லயத்துக்கு மேலே, தேயிலை மலை முடியும் இடத்தில் ஏறக்குறைய 25 மீற்றர் உயரப் பாறை ஒன்று நிற்கிறது. பின்பக்கமாக நடந்தே உச்சிக்குப் போய்விடலாம். அங்கே பெரிய யூகலிப்டஸ் மரங்கள் இருக்கின்றன. கயிற்றை உச்சியில் மாட்டி, கீழே ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றவர் ஏறும் முறையில்தான் தொடங்கப் போகிறோம். பயிற்சி பெற்ற ஒருவர் வந்து சொல்லித்தர ஒப்புக்கொண்டிருக்கிறார். ஹார்னஸும் (இடுப்பில் கட்டும் பட்டி) கரபினர்களும் (கயிறு மாட்டும் கொக்கி) நன்கொடையாக வந்துவிட்டன. கயிறு மட்டும் நாங்கள் வாங்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேர் வீட்டில் கொழுந்துக் கூலிதான் வருமானம். ஒரு கயிற்றுக்குத்தான் பணம் சேரும். அது பல ஆண்டுகள் உழைக்க வேண்டும்.

பண்டாரவளைச் சாரதி:
தம்பி, லொறியில் பாரம் கட்டும் 10 மில்லிமீற்றர் நீலக் கயிறு ஒரு தொன்னுக்கு மேல் தாங்கும். அதைக் கட்டிக்கொண்டு எல்ல - வெல்லவாய இறக்கம் முழுவதும் இறங்குகிறோம். ஒரு பையன் 60 கிலோ, மிஞ்சினால் 70 கிலோ. வெளிநாட்டுக் கயிற்றுக்கு ஏன் ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுக்க வேண்டும்? புறக்கோட்டையில் சுருளாகவே வாங்கலாம்.

ஊவாக் காற்று:
அண்ணா, லொறியில் கட்டிய பாரம் விழுவதில்லை. அசையாமல் இருக்கத்தான் கட்டுகிறீர்கள். மனிதன் விழுவான். விழும் உடலை நிறுத்தும் கயிறு எவ்வளவு பாரம் தாங்கும் என்று மட்டும் பார்த்தால் போதாது; எவ்வளவு நீண்டு கொடுத்து நிறுத்துகிறது என்பதுதான் உயிர்க்கேள்வி. நீளாத கயிறு அறுந்து போகாமல் இருந்தாலும், அந்த அதிர்ச்சி முழுவதும் இடுப்புக்கும் முதுகெலும்புக்கும் மேலே கட்டிய முடிச்சுக்கும் போகும்.

அந்த நீலக் கயிறு பொலிப்புரொப்பிலீன். ஏறக்குறைய 165 பாகை செல்சியஸில் உருகிவிடும். நைலோன் 220 பாகை வரை தாங்கும். கயிறு கயிற்றின் மேல் உரசும்போது எழும் சூட்டில் இந்த வித்தியாசம் உயிரைத் தீர்மானிக்கும். வெயிலிலும் அது சீக்கிரம் நொறுங்கும். முடிச்சுப் போட்டால் எந்தக் கயிறும் தன் வலுவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இழக்கும். நீங்கள் சொன்ன அந்த ஒரு தொன், முடிச்சுக்குப் பிறகு ஒரு தொன் இல்லை.

மன்றத் தம்பிமாருக்கு: கடைக்காரர் நைலோன் என்று சொல்லித் தந்தால், ஒரு துண்டை வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மிதந்தால் அது நைலோன் இல்லை. மூழ்கினாலும் அதை ஏறும் கயிறு என்று நம்பிவிட வேண்டாம்.

பண்டாரவளைச் சாரதி:
நைலோன் வருவதற்கு முன்னும் மனிதர்கள் மலை ஏறத்தானே செய்தார்கள் அக்கா?

ஊவாக் காற்று:
ஏறினார்கள். சணல் கயிற்றையும் மணிலாக் கயிற்றையும் கட்டிக்கொண்டு, முன்னால் போகிறவர் விழவே கூடாது என்ற விதியோடு ஏறினார்கள். விழுந்தால் கயிறு காப்பாற்றாது என்று அவர்களுக்குத் தெரியும். உள்ளே இழைக்கற்றை, வெளியே பின்னிய மேலுறை என்ற இன்றைய அமைப்பை 1953இல் எடெல்ரிட் நிறுவனம் கொண்டுவந்த பிறகு நிலைமை மாறியது. உயிர் கொடுத்துக் கற்ற பாடத்தை நாம் ஏன் முதலிலிருந்து படிக்க வேண்டும்?

என் பதில் நேரானது. ஈஎன் 892 என்ற ஐரோப்பியத் தரமுள்ள டைனமிக் கயிறு, அதாவது விழும்போது நீண்டு கொடுக்கும் கயிறு; 10 மில்லிமீற்றர், ஒற்றைக் கயிறாகப் பாவிக்கலாம் என்று காட்ட நுனியில் வட்டத்துக்குள் 1 என்ற குறி உள்ளது. வேறு எதுவும் வேண்டாம்.

ஹட்டன் வாத்தியார்:
நீலக் கயிறு பற்றிய பேச்சில் நான் தங்கைச்சியின் பக்கம். ஆனால் "வேறு எதுவும் வேண்டாம்" என்பதை ஏற்க மாட்டேன். கேள்வி கேட்டவர்கள் கயிற்றை உச்சியில் மாட்டி ஏறும் முறை என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். அதற்கு ஈஎன் 1891 தரத்தில் ஏ வகை ஸ்டாட்டிக் கயிறுதான், அதாவது அதிகம் நீளாத கயிறுதான் நல்லது என்று நான் நினைக்கிறேன். காரணம் கணக்கில் இருக்கிறது.

25 மீற்றர் பாறை. கீழே நிற்பவரிடமிருந்து உச்சிக்குப் போய்த் திரும்பி ஏறுபவரிடம் வரும்போது 50 மீற்றர் கயிறு வெளியே இருக்கிறது. டைனமிக் கயிறு 80 கிலோ தொங்கினாலே 10 சதவீதம் வரை நீளலாம் என்று தரமே அனுமதிக்கிறது. 8 சதவீதம் என்று வைத்தாலும் 4 மீற்றர். மேலே கரபினரில் உராய்வதால் கொஞ்சம் குறையும். ஆனாலும் மூன்று மீற்றர் உயரத்தில் கை நழுவும் பிள்ளை நிலத்தில் வந்து மோதும், கயிறு சரியாகப் பிடிபட்டிருந்தாலும்! புதிதாகப் பழகுகிறவர்கள் அதிகம் நழுவுவதும் அந்த முதல் சில மீற்றர்களில்தான். ஸ்டாட்டிக் கயிறு 5 சதவீதத்துக்கு மேல் நீளக் கூடாது. நல்லவை அதைவிடக் குறைவாகவே நீளும்.

அடுத்தது உழைப்பு. நம் மலைநாட்டுப் பாறை நைஸ், சாணக்கைற் என்ற கடினப் பாறை வகைகள். படிகங்கள் துருத்திக்கொண்டு நிற்கும். டைனமிக் கயிறு ஒவ்வொரு தொங்கலுக்கும் நீண்டு சுருங்கி, விளிம்பில் வாள் போல இழுபடும். மேலுறை தேய்ந்து பஞ்சு தெரிய அதிக காலம் எடுக்காது. ஸ்டாட்டிக் கயிற்றின் மேலுறை தடிப்பானது. விலையும் பெரும்பாலும் குறைவு. கீழே இறங்கும் பயிற்சிக்கும் அதுவே பொருத்தம். கூலிப் பணத்தில் வாங்குகிறவர்களுக்கு இதையும் சொல்ல வேண்டும்.

கொழுந்து மலை:
எல்லவுக்கு வரும் வெள்ளைக்காரர்கள் சில வேளை பழைய கயிற்றை விட்டுச் செல்வார்கள். அதை வாங்கலாமா?

ஹட்டன் வாத்தியார்:
வேண்டாம். எப்போது வாங்கியது, எத்தனை முறை விழுந்தது, எந்த வாகனத்தின் பின்பக்கத்தில் எதோடு கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. பாவிக்காமல் வைத்திருந்தாலும் பத்து ஆண்டில் ஓய்வு கொடுக்க வேண்டும் என்றுதான் உற்பத்தியாளர்கள் பொதுவாகச் சொல்கிறார்கள்.

ஊவாக் காற்று:
இதில் வாத்தியாரோடு முழுதாக ஒத்துப்போகிறேன். மற்றதில் இல்லை.

ஐயா, உங்கள் கணக்கு சரி. ஏறுபவர் முதல் சில மீற்றர்களைக் கடக்கும் வரை, கீழே நிற்பவர் கயிற்றை இறுக்கி, தன் பாரத்தையும் கொஞ்சம் அதில் போட்டு நிற்க வேண்டும். பக்கத்தில் ஒருவர் கை நீட்டி நிற்க வேண்டும். அதைக் கற்றுக்கொடுக்கலாம். ஆனால் உங்கள் பரிந்துரையில் இருக்கும் ஆபத்தைக் கற்றுக்கொடுத்துத் தடுக்க முடியாது என்பதே என் பயம்.

மன்றத்தில் ஒரு கயிறுதான் இருக்கப் போகிறது. அடுத்த ஆண்டு இந்தப் பிள்ளைகள் கெட்டிக்காரர்களாகிவிடுவார்கள். ஒருவன், மேலே கட்டாமல், கயிற்றைத் தானே கொண்டுபோய் இடையிடையே மாட்டிக்கொண்டு முன்னேற ஆசைப்படுவான். அந்த நாளில் அவன் கையில் இருப்பது அந்த ஒரே கயிறு. அது ஸ்டாட்டிக் என்றால்? கடைசியாக மாட்டிய இடம் 4 மீற்றரில், அவன் அதற்கு மேல் 2 மீற்றர் போய் விழுகிறான் என்று வையுங்கள். விழும் தூரம் 4 மீற்றர், வெளியே உள்ள கயிறு 6 மீற்றர். வகுத்தால் விழுதல் காரணி ஏறக்குறைய 0.67.

ஏ வகை ஸ்டாட்டிக் கயிற்றில் 100 கிலோவை 0.3 காரணியில் விழவிட்டு, அதிர்ச்சி 6 கிலோநியூட்டனை (ஏறக்குறைய 600 கிலோ பாரத்தின் விசை) தாண்டக் கூடாது என்று பார்க்கிறார்கள். இவன் விழுந்தது அதற்கு இரண்டு மடங்கு காரணியில். டைனமிக் கயிற்றைச் சோதிப்பது ஏறக்குறைய 1.7 காரணியில், 80 கிலோவோடு. குறைந்தது ஐந்து விழுதல்களைத் தாங்க வேண்டும், முதல் விழுதலின் அதிர்ச்சி 12 கிலோநியூட்டனுக்குள் இருக்க வேண்டும். எந்தக் கயிறு எந்த விபத்துக்காகச் செய்யப்பட்டது என்பதை இந்த எண்களே காட்டுகின்றன.

ஹட்டன் வாத்தியார்:
ஏ வகைக் கயிற்றையும் காரணி 1இல், 100 கிலோவோடு, ஐந்து முறை விழவிட்டுப் பார்க்கிறார்கள் என்பதையும் எழுதுங்கள். அது அறுந்துவிடாது.

ஊவாக் காற்று:
அறுந்துவிடாது, ஐயா. பையனின் முதுகைப் பற்றித்தான் நான் பேசுகிறேன்.

ஹட்டன் வாத்தியார்:
கயிற்றைப் பூட்டி வைத்து, பொறுப்பானவரிடம் சாவியைக் கொடுப்பதுதான் அதற்கு வழி. தவறாகப் பாவிக்கக்கூடும் என்று பயந்து, இன்றைய வேலைக்குக் குறைவாகப் பொருந்தும் பொருளை வாங்கச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஊவாக் காற்று:
தோட்டத்தில் சாவி ஒருவரிடமே பல ஆண்டுகள் இருக்குமா, ஐயா? பொறுப்பானவர் கொழும்புக்கு வேலைக்குப் போவார். சாவி தம்பியிடம் போகும். கயிற்றைப் பற்றிய எச்சரிக்கை சாவியோடு போகாது.

அப்புத்தளை மன்றம்:
எங்கள் மன்றத்திலும் இதே பேச்சு நடந்தது. அக்கா சொன்ன அந்த ஒருவன் யார் என்பது எங்களுக்கு இப்போதே தெரியும், அதனால் டைனமிக் என்று பெரும்பாலானோர் சொல்கிறார்கள். விளிம்பில் தேயும் என்று வாத்தியார் ஐயா சொன்னதுதான் கவலை. தண்ணீர் ஏறாத பூச்சுள்ள கயிறு கூடுதல் விலை. இந்த மூடுபனிக்கு அது தேவையா?

ஹட்டன் வாத்தியார்:
பெரும்பான்மை அப்படியென்றால் டைனமிக்கே வாங்குங்கள். ஆனால் அதை விளிம்பில் உரச விடாதீர்கள். ஒரு துண்டு ஸ்டாட்டிக் கயிற்றை மரங்களில் கட்டி, விளிம்பைத் தாண்டிக் கீழே தொங்கவிட்டு, அதன் நுனியில் கரபினர்களை மாட்டி, அதற்குள் டைனமிக் கயிற்றை விடுங்கள். விளிம்பில் கிடக்கும் துண்டுக்கு அடியில் பழைய கம்பளத்தைப் போடுங்கள். ஸ்டாட்டிக் துண்டு 15 மீற்றர் போதும்.

பூச்சு வேண்டாம். நனைந்த நைலோன் வலுவிழக்கும் என்பது உண்மை, ஆனால் நனைந்த பாறையில் நீங்கள் ஏறப் போவதில்லை. ஈரமானால் நிழலில் காற்றாட விடுங்கள். அடுப்புக்கு மேலே பரணில் காயப்போடுவது நம் வீடுகளில் வழக்கம்; கயிற்றுக்கு அந்தச் சூடும் புகையும் ஆகாது. உரம், களைகொல்லி, பற்றரி உள்ள களஞ்சியத்தில் வைக்கவே வேண்டாம். பற்றரி அமிலம் பட்ட நைலோன் வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே செத்துக் கிடக்கும்.

ஊவாக் காற்று:
70 மீற்றராக வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. நுனிகள்தான் முதலில் தளரும். அங்கே இரண்டு மூன்று மீற்றர் வெட்டிவிட்டு மிச்சத்தைத் தொடர்ந்து பாவிக்கலாம். ஒவ்வொரு முறையும் கயிறு முழுவதையும் விரலால் தடவிப் பாருங்கள். உள்ளே குழைவாகவோ மடங்கியோ ஓரிடம் தட்டுப்பட்டால் வெட்டுங்கள். வெட்டினால், கயிற்றின் நடுவைக் காட்டும் குறி நடுவில் இருக்காது. கீழ் நுனியில் எப்போதும் ஒரு முடிச்சு இருக்கட்டும்.

அப்புத்தளை மன்றம்:
மிக்க நன்றி. மாரி மழை விட்டு, பெப்ரவரியில்தான் தொடங்குவோம். ஒரே ஒரு சந்தேகம். மரங்கள் விளிம்பிலிருந்து 8 மீற்றர் தள்ளி நிற்கின்றன. 15 மீற்றர் போதுமா?

ஹட்டன் வாத்தியார்:
போதாது. இரண்டு மரத்தில் கட்ட வேண்டும். மரத்துக்கு 8 மீற்றர், அடிமரத்தைச் சுற்ற 2, விளிம்புக்குக் கீழே 1, அது இரண்டு தடவை, அதன் மேல் முடிச்சுகள். 30 மீற்றர் வாங்குங்கள்.

ஊவாக் காற்று:
அப்படியென்றால் பணம் இடிக்கும். டைனமிக்கை 60 மீற்றராகக் குறைத்துக்கொள்ளுங்கள், தம்பி. 25 மீற்றர் பாறைக்கு அது போதும். வெட்டுவதற்கும் சில மீற்றர் மிஞ்சும். அந்த 30 மீற்றரில் கை வைக்க வேண்டாம்.