பிளாங்கிங்: வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

வணக்கம். திருவொற்றியூரில் மரப்படகுப் பயிற்சி வகுப்புக்குப் பாடக்குறிப்பு மொழிபெயர்க்கிறேன். தேக்கு, அயினி, மரைன் பிளைவுட் என்று உள்ளே எல்லாம் சுலபம். ‘ஹல் பிளாங்கிங்குக்கு மரம் தேர்ந்தெடுத்தல்’ என்ற தலைப்பில்தான் இடிக்கிறது. ஹல் பிளாங்கிங் என்பது படகின் உடம்புக்கு வெளிப்பக்கம் பலகை பொருத்துவது; அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்? வெள்ளிக்கிழமை அச்சு.

* * *

‘கலவேய்வு’ எனலாம். கூரை வேய்வதுபோல வங்குகளின்மேல், அதாவது படகின் விலா எலும்புபோன்ற சட்டங்களின்மேல், பலகை வேய்கிறோம். வங்கு உடையதால்தான் கப்பல் வங்கம் ஆயிற்று என்பது என் துணிபு. விரிவாகத் தனி மடலில் எழுதுகிறேன்.

* * *

ஐயா, எழுதாதீர்கள், கும்பிட்டுக் கேட்கிறேன். அம்மா ஊரில் வங்கு என்றால் எலி வளை. ‘படகில் பத்து வங்கு’ என்றால் எவன் ஏறுவான்? காசிமேட்டில் என் மாமா படகுத் தச்சர். ‘பலகை அடிச்சாச்சா?’ என்பார், அவ்வளவுதான். ‘பலகை அடித்தல்’ என்றே போடுங்கள் அக்கா.

* * *

அடித்தல் என்றால் ஆணி. ஆணியே இல்லாத படகு நம் கரையில் ஓடியதே! சென்னையில் துறைமுகம் வருமுன் கப்பலிலிருந்து ஆளையும் சரக்கையும் கரை சேர்த்த மசூலாப் படகில் பலகையோடு பலகையைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். ஐயாவின் வங்கும் அதில் கிடையாது. அலை அறைந்தால் உடம்பு நெளிந்துகொடுக்கும். விறைப்பான படகு அங்கே பிளந்துபோகும். அதைத் தைத்தவன் ‘அடித்தான்’ என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதா?

* * *

சரி, அடிக்கவும் வேண்டாம், தைக்கவும் வேண்டாம். பலகை இடுக்கில் பஞ்சுத்திரியை உளியால் இறுக்கி அடைக்கிறார்களே, அதைக் ‘கலப்பற்று’ என்கிறோம். கலம், பற்று. என்ன தூய்மை! அப்படி ஒன்று கிடைக்காதா?

* * *

அது போர்த்துகீசியர் விட்டுப்போன சொல் ஐயா. அவர்கள் மொழியில் இடுக்கு அடைப்பவன் ‘கலஃபாத்’.

* * *

இரண்டு நாளாக என் தாத்தா பாட்டி எல்லாரும் போர்த்துகீசியர் ஆகிவிட்டார்கள். நல்லது.

* * *

அக்காதான் மறுபடி. பொருளுக்குப் ‘புறப்பலகை’, வேலைக்குப் ‘பலகையிடல்’ என்று போட்டு அனுப்பிவிட்டேன். மரைன் பிளைவுட்டை அப்படியே விட்டுவிட்டேன்; ‘கடல் ஒட்டுப்பலகை’ என்றால் கடலில் ஒட்டிய பலகை மாதிரி இருக்கிறது. மூன்று பேர் சரி என்றீர்கள், மற்றவர்கள் தூங்கிவிட்டீர்கள்.

* * *

தூங்கவில்லை. வங்குக்கு உட்பக்கமும் பலகை போடுவார்களே, அதற்கென்ன, அகப்பலகையா? ‘அகப்பை’ என்று படிப்பார்கள். கலவேய்வு என்றால் இந்தத் தொல்லை இல்லை.