புதுப்பிப்பு: முதல் பைக் எடுத்தாச்சு

"கியர் வண்டியே ஓட்டாதவன், உயரம் ஐந்தடி நாலங்குலம், ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 எடுக்கலாமா, ஹீரோ ஸ்ப்ளெண்டரா?" என்று போன மாதம் கேட்டிருந்தேன். ஸ்ப்ளெண்டர் பிளஸ் எடுத்துவிட்டேன்.

இரண்டிலும் உட்கார்ந்து பார்க்கச் சொன்ன அண்ணனுக்கு நன்றி. கிளாசிக் 195 கிலோ. சைடு ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்தவே திணறினேன், குதிகாலும் தரையில் படவில்லை. ஸ்ப்ளெண்டர் 112 கிலோதான், தைரியமாகக் கால் ஊன்ற முடிகிறது. முதல் வாரம் கிளச்சைச் சட்டென்று விட்டு சிக்னலில் நாலைந்து தடவை ஆஃப் ஆனது. ஒருநாள் மணலில் சாய்ந்தது, காலை ஊன்றிப் பிடித்துவிட்டேன். கிளாசிக்காக இருந்தால் கீழே போட்டிருப்பேன்.

ஏபிஎஸ் (சட்டென்று பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் வசதி) இல்லாததுதான் உறுத்தல். தினமும் காலையில் காலி மைதானத்தில் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்துப் பழகுகிறேன். மிச்சமான பணத்தில் முதலில் வாங்கியது ஐஎஸ்ஐ முத்திரையுள்ள முழுமுக ஹெல்மெட்.