வென்ட்ரிக்கிள் வடிகுழாய்: சி.டி.யில் எடுத்த அளவு தலையில் பொருந்தாதது ஏன்?

கேள்வி:
வணக்கம். நான் நரம்பியல் அறுவைச் சிகிச்சைப் பயிற்சி மருத்துவன். மூளையில் நீர் தேங்கி நினைவு மங்கியிருந்த ஒருவருக்கு வலப்பக்கக் கோக்கர் புள்ளி (மண்டையோட்டின் முன்பகுதியில் வழக்கமாகத் துளையிடும் இடம்) வழியாக, வென்ட்ரிக்கிளுக்குள் (மூளையின் உள்ளே நீர் நிறைந்த அறை) வடிகுழாய் வைத்தேன். கொரோனல் சூச்சருக்கு (நெற்றி எலும்பும் உச்சி எலும்புகளும் சேரும் கோடு) 1 செ.மீ. முன்னே உள்ள இடத்தைச் சி.டி.யில் நேசியானிலிருந்து (மூக்கின் வேர்) நேர்கோடாக அளந்தபோது 10 செ.மீ. வந்தது, அதையே நாடாவால் தலையில் குறித்து, நடுக்கோட்டிலிருந்து 3 செ.மீ. விலகித் துளையிட்டேன். தோலிலிருந்து மன்றோ துளைவரை (பக்க வென்ட்ரிக்கிளை நடுவிலுள்ள மூன்றாம் வென்ட்ரிக்கிளோடு இணைக்கும் துளை) உள்ள ஆழத்தைக் கொரோனல் வெட்டில் (தலையைக் காதுக்குக் காது செங்குத்தாக வெட்டிக் காட்டும் படம்) 6.5 செ.மீ. என எடுத்தேன். முதல் முறை நீர் வரவில்லை. இரண்டாம் முறை வந்தது. ஆனால் குழாயின் நுனி மூன்றாம் வென்ட்ரிக்கிளுக்குள் 8 மி.மீ. இறங்கியிருப்பதை மறு ஸ்கேன் காட்டியது. எங்கே தவறினேன்?

பதில் 1:
குழாயின் 6.5 குறியை எந்த விளிம்பில் நிறுத்தினீர்கள்?

கேட்டவர்:
எலும்பின் விளிம்பில், ஐயா.

பதில் 1:
ஆழப் பிழைக்கு அதுவே காரணம். தோலிலிருந்து அளந்ததை எலும்பிலிருந்து எண்ணியதால், உச்சித்தோலின் தடிமன் முழுவதும் உள்ளே போய்விட்டது. முதல் முறை நீர் வராததற்குக் காரணம் வேறு. திரையில் நீங்கள் அளந்தது நாண் (நேர்கோடு), நாடா அளப்பது வில் (தலையின் வளைவு), 10 செ.மீ. நாணுக்குரிய வில் அதைவிட அரை செ.மீ.க்கு மேல் நீளமாக இருக்கும் என்பதால், உங்கள் துளை அந்த அளவு முன்தள்ளி விழுந்திருக்கிறது. இதோடு, துளையிடும் இடம் தெரியும் வெட்டும் மன்றோ துளை தெரியும் வெட்டும் பெரும்பாலும் ஒன்றல்ல. இரண்டு புள்ளிகளும் ஒரே தளத்தில் விழும்வரை படத்தைச் சாய்த்து, அந்தக் கோட்டின் மேலேயே அளக்க வேண்டும். 5 மி.மீ. தடிமன் வெட்டுகளில் இது சரியாக அமையாது. மெல்லிய வெட்டுகளைக் கேட்டு வாங்குங்கள்.

பதில் 2:
எலும்பிலிருந்து 7 செ.மீ. வரை சென்றும் நீர் வரவில்லையென்றால், தயவுசெய்து மேலும் தள்ளாதீர்கள். பிழை திசையில்தான் இருக்கும். நீர் வந்தவுடன் உள்கம்பியை உருவிவிட்டுக் குழாயை மட்டும் மெல்ல 1 செ.மீ. செலுத்துவது என் வழக்கம். நடுக்கோடு நகர்ந்த மூளையில், மண்டையோட்டுக்குச் செங்குத்தாகச் செலுத்தும் விதியை மட்டும் நம்பக் கூடாது; மூன்று முறை தவறினால் அல்ட்ராசவுண்ட் அல்லது நேவிகேஷன் (ஸ்கேன் படத்தைக் கொண்டு கருவிக்கு வழிகாட்டும் முறை) உதவியை நாடுங்கள்.

கேட்டவர்:
சாய்த்த தளத்தில் மீண்டும் அளந்தேன், எலும்பிலிருந்து 5.7 செ.மீ. வருகிறது. மூத்த மருத்துவர் முன்னிலையில் குழாயை 8 மி.மீ. வெளியே இழுத்துத் தைத்துவிட்டோம். நீர் தடையின்றி வடிகிறது. நோயாளி அழைத்தால் கண் திறக்கிறார்.